பழைய பேஸ் கிட்டாரின் தந்திகளை இனங்காணுதல்

பெங்களூருவின் பழைய கன்டோன்மென்டை ஒட்டி, ஆஸ்டின் டவுனுக்கும் விவேக் நகருக்கும் பக்கத்தில் இருக்கும் நீலசந்திரா, தமிழர்கள் நெருக்கமாக வாழும் பகுதி. தேவாலயப் பாடகர் குழு, கல்யாண ஆர்கெஸ்ட்ரா, வீட்டுப் பயிற்சி என்று பேஸ் கிட்டாருக்கு இத்தகைய இடங்களில் எப்போதும் வேலை உண்டு. கொல்கத்தாவின் கிவ்சன் ஆனாலும் வெளிநாட்டு யமஹா, ஐபானஸ் ஆனாலும், கைமாறி வரும் வாத்தியத்தில் தந்திகள் ஏற்கெனவே பூட்டியிருக்கும். அவை வந்த உறை இருக்காது. இவை என்ன தந்திகள் என்று புதிதாக வாங்கியவர் கேட்கும்போது பெரும்பாலும் ஒரு கம்பெனிப் பெயரைத்தான் எதிர்பார்க்கிறார். அந்தப் பெயர் பெரும்பாலும் கிடைக்காது. கிடைக்காததால் பெரிய இழப்பும் இல்லை. வாத்தியத்துக்கும் வாசிப்பவருக்கும் தேவையான விவரங்கள் தந்தியின் தடிமன், சுற்று, உலோகம், இழுவிசை ஆகிய நான்கும்தான். இவற்றை உறை இல்லாமலே தந்தியிலிருந்து பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

கம்பெனியைக் காட்டும் அடையாளமாக முதலில் சொல்லப்படுவது தந்தியின் முனைக் குண்டின் நிறமும், இரு முனைகளிலும் சுற்றியிருக்கும் பட்டு நூலின் நிறமும். தந்தி நிறுவனமான டி'அடாரியோ குண்டுகளுக்கு நிறம் பூசுகிறது என்பது உண்மை. ஆனால் அந்த நிறம் எந்தத் தந்தி எந்தச் சுரத்துக்கு என்று பிரித்துக் காட்டத்தானே தவிர, தடிமனைச் சொல்ல அல்ல. சிவப்பு, நீலம், பச்சை நூல்களைப் பல கம்பெனிகள் பயன்படுத்துகின்றன. ஓர் ஆலையில் சுற்றிய தந்தி பல பெயர்களில் விற்பனைக்கு வருவது இத்தொழிலில் வழக்கம். பெயர்பெற்ற கம்பெனிகளின் போலிச் சரக்கும் சந்தையில் புழங்குகிறது. போலி செய்பவன் முதலில் நகலெடுப்பது கண்ணுக்குத் தெரியும் நிறத்தைத்தான் என்பதால், நிறத்தைக் குறிப்பாக எடுத்துக்கொள்ளலாம், சான்றாகக் கொள்ள முடியாது.

சுற்றின் வகையை விரல் நகமே சொல்லிவிடும். தந்தியின் நீளவாக்கில் நகத்தால் வருடினால், உருண்டைக் கம்பி சுற்றியதில் கரகரவென்று சத்தம் வரும். தட்டைப் பட்டை சுற்றியதில் நகம் வழுக்கிக்கொண்டு போகும். சுற்றியபின் மேற்பரப்பைத் தேய்த்துச் சமன் செய்த அரைத்தட்டை வகை இரண்டுக்கும் நடுவில் நிற்கும். வழவழப்பாகக் கறுப்பாக இருந்தால் மேலே நைலான் நாடா, உள்ளே எஃகு. செம்பு நிறத்தில் பளபளத்தால் அது அக்கூஸ்டிக் பேஸுக்கான வெண்கலச் சுற்று. காந்தப் பிக்கப்பில் அது வலுவாக ஒலிக்காது. 1951-இல் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் வந்த காலத்தில் தட்டைச் சுற்றே வழக்கம். 1960-களின் நடுவில் பேஸ் கலைஞர் ஜான் என்ட்விசிலும் தந்தி நிறுவனமான ரோட்டோசவுண்டும் சேர்ந்து உருவாக்கிய உருண்டைச் சுற்று புகழ்பெற்ற பிறகுதான் பேஸுக்கு இன்றைய கணீரென்ற குரல் வந்தது. எனவே சுற்றைத் தெரிந்துகொண்டாலே, முந்தைய உரிமையாளர் என்ன ஒலியை நாடினார் என்பதில் பாதி தெரிந்துவிடும். வாசித்துப் பார்த்தே இதைச் சொல்லிவிடலாம் என்பார்கள். புதுத் தந்தியில் அது சரி. வியர்வையும் அழுக்கும் சுற்றிடையே படிந்த பழைய உருண்டைச் சுற்று, மேற்சுரங்களை இழந்து தட்டைச் சுற்றைப் போலவே மந்தமாக ஒலிக்கும். பழைய தந்தியில் காதை நம்ப முடியாது.

உலோகத்தை அறியக் காந்தம் வைத்துப் பார்ப்பதும் பலர் சொல்லும் யோசனை. அது வீண்வேலை. மின் பேஸின் பிக்கப்பே காந்தத்தால் இயங்குகிறது. நிக்கல் பூசிய எஃகு, சுத்த நிக்கல், தந்திக்கு ஆகும் துருப்பிடிக்காத எஃகு மூன்றுமே காந்தத்தில் ஒட்டும். வெண்கலச் சுற்றுகூட உள்ளே இருக்கும் எஃகு நடுக்கம்பியால் இழுபடும். நிறமே இங்கு ஓரளவு கைகொடுக்கிறது. நிக்கலில் இலேசான மஞ்சள் சாயல் இருக்கும், துருப்பிடிக்காத எஃகு வெளிறிய சாம்பலாகத் தெரியும். மழைக்காலத்தை வாத்தியம் ஜன்னலோரம் கழித்திருந்தால், நிக்கல் பூச்சு தேய்ந்த இடங்களில் பழுப்புத் துரு புள்ளிபுள்ளியாகத் தெரியும். பூச்சுக்குக் கீழே இருப்பது சாதா எஃகு என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

தடிமனை அளக்க வெர்னியர் காலிப்பர் போதும். கடைசி ஃப்ரெட்டுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே, பிக்கப்புக்கு மேலே அளக்க வேண்டும். ஃப்ரெட்டுகளின் மேல் தந்தியின் அடிப்பக்கம் நசுங்கித் தட்டையாகியிருக்கும். சில வகைத் தந்திகள் பிரிட்ஜில் உட்காரும் இடத்தில் வேண்டுமென்றே மெலிந்திருக்கும். தந்தி வணிகம் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கைக் கணக்காக வைத்திருப்பதால், மில்லிமீட்டரை 0.0254-ஆல் வகுக்க வேண்டும். பரவலாக விற்கும் 45–65–85–105 செட் 1.14, 1.65, 2.16, 2.67 மில்லிமீட்டர் என்று வரும். மூன்றாவது தந்தி 2.03 என்று வந்தால் அது 80. இந்த 0.13 மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கண் பிடிக்காது, காலிப்பர் பிடிக்கும். நான்கு எண்களும் எந்த செட்டோடும் பொருந்தாவிட்டால், அறுந்துபோன ஒன்றுக்கு வேறு தந்தி போட்டிருக்கிறார்கள் என்று பொருள். பழைய வாத்தியத்தில் இது அதிசயமில்லை. தடித்த தந்தி 3.30 வந்தால் கவனம் வேண்டும். அது 130, ஐந்து தந்தி பேஸின் தாழ்ந்த பி-க்கு உரியது. நான்கு தந்தியை பி, இ, ஏ, டி என்று இறக்கி வாசித்தவரின் வாத்தியம் அது. தெரியாமல் அதை இ-க்கு ஏற்றினால், ஒரு தந்தியே வழக்கத்தைப் போல் ஒன்றரை மடங்கு இழுக்கும்.

இந்த இழுவிசையைக் கணக்கிட வழி பிரெஞ்சு அறிஞர் மெர்சேன் 1636-இல் வெளியிட்ட விதியிலேயே இருக்கிறது. ஒரு மீட்டர் தந்தியின் எடையை, நீளத்தையும் அதிர்வெண்ணையும் பெருக்கி இரட்டித்த தொகையின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். கழற்றிய இ தந்தியில் 10 சென்டிமீட்டர் வெட்டி நகைக்கடைத் தராசில் போட்டால் 3.4 கிராம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 34 அங்குல பேஸில் 41.2 ஹெர்ட்ஸுக்கு அதன் இழுவிசை, நியூட்டனில் வரும் விடையைக் கிலோவாக மாற்றினால், சுமார் 17.5 கிலோ. காலிப்பரோடு நின்றுவிடாமல் தராசு வரை போகக் காரணம் உண்டு. ஒரே 105 அளவில் தட்டைச் சுற்று இடைவெளி இல்லாமல் உலோகம் அடைந்திருப்பதால் உருண்டைச் சுற்றைவிடப் பெரும்பாலும் கனமானது. தடிமன் மட்டும் பார்த்து மாற்றியவரின் வாத்தியத்தில் நெக் வளைவதற்கு இதுவே காரணம்.

இவ்வளவு பாடு எதற்கு, புது செட் வாங்கிப் போட்டால் போகிறது என்ற மறுப்பே எல்லாவற்றிலும் வலுவானது. தேய்ந்த தந்தியை மாற்றத்தான் வேண்டும். ஆனால் எதை வாங்குவது? நட்டின் பள்ளங்கள் பழைய தடிமனுக்கு வெட்டப்பட்டவை. நெக்கின் வளைவைக் கட்டுப்படுத்தும் டிரஸ் ராட் பழைய இழுவிசைக்குத் திருகி வைக்கப்பட்டது. கனமான தட்டைச் சுற்றை எடுத்துவிட்டு மெல்லிய 40 செட்டைப் பூட்டினால் நெக் பின்னோக்கிச் சாயும், தந்திகள் ஃப்ரெட்டில் உரசி இரையும், அகன்ற பள்ளத்தில் தந்தி ஆடும். குறை வாத்தியத்தில்தான் என்று எண்ணி நல்ல பேஸை மலிவாக விற்றுவிடுவார்கள். மேலும், பழையது என்பதாலேயே தந்தி கழிக்கத்தக்கதும் அல்ல. மோட்டவுன் பாடல்களின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன், லா பெல்லாவின் கனத்த தட்டைச் சுற்றுத் தந்திகளை அறுந்தால் ஒழிய மாற்றாதவர். அவர் தேடிய மந்தமான, உருண்ட குரல் அதில்தான் இருந்தது. இளையராஜாவின் பாடல்களில் தனி மெட்டாகவே ஓடும் பேஸ் வரிகளைக் கேட்டு வளர்ந்தவருக்கு அக்குரல் பிடித்திருக்கலாம். அப்படியானால் 12-ஆவது ஃப்ரெட்டை அழுத்தி வரும் சுரமும், அதே இடத்தைத் தொட்டு மட்டும் எழுப்பும் ஹார்மோனிக்கும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒத்துவந்தால் தந்தியை விட்டுவைக்கலாம். பிரிட்ஜை எவ்வளவு நகர்த்தியும் ஒத்துவரவில்லை என்றால் அதன் எடை சீராக இல்லை. அப்போது அளந்து எழுதிவைத்த நான்கு எண்களோடும் சுற்றின் வகையோடும் கடைக்குப் போனால், எந்தக் கம்பெனியிலும் அதற்கு நெருக்கமான செட் கிடைக்கும்.