ஷெனாய் நகர் மெட்ரோ: பூங்காவுக்கு அடியில் ஒரு ரயில் நிலையம்

ஷெனாய் நகர் மெட்ரோ நிலையம் சென்னையின் மேற்குப் பகுதியில் திரு.வி.க. பூங்காவுக்கு அடியில் அமைந்துள்ளது. திருமங்கலம் முதல் நேரு பூங்கா வரை 2017 மே 14 அன்று திறக்கப்பட்ட தடத்தின் ஏழு நிலையங்களில் இதுவும் ஒன்று. தமிழ்நாட்டின் நிலத்தடி ரயில் நிலையங்கள் இந்த ஏழிலிருந்தே தொடங்குகின்றன.

சென்னையில் ரயில் நிலத்துக்கு அடியில் இறங்க நெடுங்காலம் ஆயிற்று. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு நோக்கித் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது. 1931இல் கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயில் வந்தது. அந்தப் பாதையை ஒட்டியே தெற்குப் புறநகர் வளர்ந்தது. 1995இல் திறந்த பறக்கும் ரயில் தூண்களின் மேல் ஓடியது. கொல்கத்தாவில் 1984 அக்டோபர் 24 முதலே நிலத்தடியில் ரயில் ஓடிக்கொண்டிருந்தபோதும், சென்னை மேம்பாலத்தையே தேர்ந்தெடுத்தது. சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம் 2007 டிசம்பரில் பதிவாகி, 2009 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிறகுதான் நிலை மாறியது. முதல் கட்டத்தின் 45 கிலோமீட்டரில் பாதிக்கும் மேல் சுரங்கப்பாதை. ஆனாலும் முதலில் ஓடியது உயர்மட்டப் பகுதியே: 2015 ஜூன் 29, கோயம்பேடு–ஆலந்தூர்.

மேற்கே சுரங்கம் தேவைப்பட்டதற்குக் காரணம் அங்கிருந்த குடியிருப்புகளே. நடுவக்கரை கிராமத்து நிலங்களில் 1968இல் உலக வர்த்தகக் கண்காட்சி நடந்தது. அதன் நினைவாக 135 அடி உயர விசுவேசுவரய்யா கோபுரம் இன்றும் நிற்கிறது. 1961இல் அமைந்த தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் அப்பகுதியை அண்ணா நகராக வளர்த்தது. அங்கே அகலமான நிழற்சாலைகள் உண்டு. ரயில் பாதைக்கென்று ஒதுக்கிய நிலம் இல்லை. அதனால் அண்ணா நகரில் நிலையங்கள் சாலைக்கு அடியில் போயின. ஷெனாய் நகரில் பூங்கா இருந்தது. சாலைக்கு அடியில் தோண்டினால் போக்குவரத்தைத் திருப்ப வேண்டும், பள்ளத்தின் அகலமும் கட்டுப்படும். பூங்காவில் அந்தத் தடைகள் இல்லை. அதன் விலையைச் சுற்றுவட்டார மக்கள் கொடுத்தார்கள்: 2011இல் மூடிய பூங்கா 2023இல்தான் மீண்டும் திறந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் முதியோர் நடைப்பயிற்சிக்கும் பிள்ளைகள் விளையாட்டுக்கும் வேறிடம் தேட வேண்டியிருந்தது. இந்த இழப்பும் நிலையத்தின் வரலாற்றில் சேர வேண்டியதே.

நிலத்தடி நிலையம் என்பது கட்டுமான நோக்கில் ஒரு நீண்ட கான்கிரீட் பெட்டி. முதலில் அதன் சுற்றுச்சுவர் எழும், இல்லை, இறங்கும் என்பதே சரி. ஒடுங்கிய அகழியை ஆழமாகத் தோண்டும்போதே அதில் பென்டோனைட் களிமண் குழம்பை நிரப்புவார்கள். குழம்பின் அழுத்தம் மண் சரியாமல் தாங்கும். பிறகு கம்பிக்கூட்டை இறக்கி, அடியிலிருந்து கான்கிரீட்டை ஊற்றக் குழம்பு மேலே வெளியேறும். இதுவே டயாஃப்ரம் சுவர். சுவர்கள் நின்ற பிறகே உள்ளே உள்ள மண் வெளியே வரும். நிலையங்களுக்கு இடையிலான தடத்தைச் சுரங்கம் தோண்டும் எந்திரங்கள் குடைந்தன. உள்விட்டம் 5.8 மீட்டர் கொண்ட இரட்டைக் குழாய்கள் அவை. களிமண், மணல், கடும்பாறை எனச் சென்னையின் அடிநிலம் சில நூறு மீட்டருக்குள் மாறுவதால் எந்திரங்களின் வேகம் அடிக்கடி குறைந்தது.

மண்ணைவிடத் தண்ணீரே பெரிய சவால். நெய்வேலி வட்டார மக்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1957 மே 20 அன்று நேரு தொடங்கி வைத்த நெய்வேலி சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே நீர் பெரும் அழுத்தத்தோடு இருக்கிறது. அதை இறைத்து அழுத்தத்தைத் தணிக்காமல் 1961இல் நிலக்கரியை எட்டியிருக்க முடியாது. இன்றும் இறைப்பு நிற்கவில்லை. திறந்தவெளிச் சுரங்கத்துக்குப் பொருந்தும் அந்த வழி நகரத்துக்குப் பொருந்தாது. தொடர்ந்து நீரை இறைத்தால் சுற்றியுள்ள மண் இறுகி வீடுகள் அமிழலாம். ஆகவே நிலையம் தண்ணீரை உள்ளே விடாமல் அடைக்கிறது. அடைத்த பெட்டியை அடிநீர் மேல்நோக்கித் தள்ளும். பெட்டியின் எடை, கூரை மேல் உள்ள மண், ஆழத்தில் ஊன்றிய சுவர் மூன்றும் சேர்ந்து அந்தத் தள்ளலை எதிர்க்கின்றன.

உள்ளே இரண்டு தளங்கள். மேல்தளத்தில் பயணச்சீட்டும் சோதனையும்; கீழ்த்தளத்தில் நடுவே நடைமேடை, இருபுறமும் தண்டவாளம். நான்கு பெட்டி ரயில் நிற்கும் நடைமேடை ஆறு பெட்டிக்குப் போதும் நீளத்தில் கட்டப்பட்டது. விளிம்பு நெடுகக் கண்ணாடித் தடுப்புக் கதவுகள். அவை பயணி விழாமல் காப்பதோடு, குளிரூட்டிய காற்றைச் சுரங்கத்துக்குப் போகவிடாமலும் தடுக்கின்றன. சென்னை வெயிலில் இது மின்செலவைக் கணிசமாகக் குறைக்கும். 25,000 வோல்ட் மின்சாரம் குழாயின் கூரையில் பதித்த விறைப்பான கடத்தி வழியே வருகிறது. தீ நேர்ந்தால் புகையை உறிஞ்சி வெளியேற்றப் பெரிய விசிறிகளும் காற்றுக் கூண்டுகளும் உண்டு. அந்தக் கூண்டுகளும் படிக்கட்டு வாயில்களும் மட்டுமே தரைக்கு மேல் தெரியும்.

கூரைத் தளத்தின் மீது மண் பரப்பியே பூங்கா மீண்டும் அமைந்தது. அங்கே வேருக்குக் கிடைக்கும் ஆழம் குறைவு. அதனால் பெருமரங்கள் முன்போல் ஓங்கி வளர்வது கடினம்.

ஏழு நிலையங்களோடு தொடங்கிய தடம் 2018 மே 25 அன்று சென்ட்ரலை எட்டியது. 2019 பிப்ரவரி 10 அன்று அண்ணா சாலைக்கு அடியில் ஓடும் பகுதியும் திறந்து, வண்ணாரப்பேட்டை வரையிலான முதல் கட்டம் நிறைவுற்றது. மூன்று தடங்களில் ஏறத்தாழ 119 கிலோமீட்டர் நீளும் இரண்டாம் கட்டத்திலும் சுரங்க நிலையங்கள் எழுகின்றன.