ஊருக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று: பாட்டுப் பெட்டி வந்த வழி

நம் குடியிருப்பில் பாட்டுப் பெட்டி இல்லாத வீடு இப்போது குறைவு. உள்ளங்கையில் அடங்கும் புளூடூத் ஸ்பீக்கர் முதல், கைப்பிடியோடு தூக்கிப் போகும் பெரிய பூம்பாக்ஸ் வரை எல்லாம் இருக்கின்றன. தண்ணீர், வண்டி நிறுத்தம் இரண்டுக்கும் அடுத்தபடியாகச் சங்கத்துக்கு வரும் புகார் இந்தச் சத்தம்தான். "காசு கொடுத்து வாங்கினேன், என் வீட்டில் கேட்கிறேன்" என்கிறார் ஒருவர். "என் வீட்டுச் சுவர் அதிர்கிறதே" என்கிறார் அடுத்த வீட்டுக்காரர். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அது எப்படி என்பது இந்தப் பெட்டி நம் வீட்டுக்குள் வந்து சேர்ந்த வரலாற்றைப் பார்த்தால் விளங்கும். பெட்டியை முழுப் பயனுக்குக் கொண்டுவரும் வழியும் அதிலேயே இருக்கிறது.

ஊருக்கு ஒரு பெட்டி

சென்னையில் வானொலியைத் தொடங்கியது அரசு அல்ல, ஆர்வலர்கள். சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று அமைத்த சென்னை மாகாண ரேடியோ கிளப் 1924 ஜூலையில் ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமுடையால் 1927இல் அது நின்றது. அதன் கருவியைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி, 1930 ஏப்ரல் 1 முதல் தானே ஒலிபரப்பியது. வீட்டில் ரேடியோ வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் கேட்பதற்காக மெரினா கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது.

அதன் பிறகும் நெடுங்காலம் கிராமங்களில் பஞ்சாயத்து ரேடியோதான். பூங்காவில் ஒரு சிறு அறை, அதற்குள் பெட்டி, கூரைமேல் ஒலிபெருக்கி. மாலையில் திறப்பார்கள், செய்தி, வேளாண்மை நிகழ்ச்சி, நாட்டுப்புறப் பாட்டு என்று ஓடும். டெல்லியிலிருந்து சரோஜ் நாராயணசுவாமி தமிழ்ச் செய்தி வாசித்தால் ஊரே நின்று கேட்கும்.

அந்த ஒலிபெருக்கியை யாரும் தொந்தரவு என்று சொல்லவில்லை. ஒரு பெட்டிக்கு ஐந்நூறு காதுகள் இருந்தன. சத்தம் கூடினால் இன்னும் பத்துப் பேருக்குக் கேட்டது. அன்று சத்தம் என்பது ஊருக்குச் செய்த சேவை.

வீட்டுக்கு ஒரு பெட்டி

1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. வால்வு ரேடியோ சூடேறிப் பாடச் சற்று நேரம் ஆகும், கரண்ட் இல்லாமல் பாடாது. டிரான்சிஸ்டர் வந்தபின் பெட்டி சிறுத்தது, டார்ச் செல்லிலேயே பாடியது. வயலுக்கும் திண்ணைக்கும் போனது. மயில்வாகனனும் பின்னாளில் கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் பேசிய இலங்கை வானொலியைத் தமிழ்நாட்டு டீக்கடைகள் கேட்டது இந்தப் பெட்டிகளில்தான்.

ரேடியோ வைத்திருக்கத் தபால் அலுவலகத்தில் லைசென்ஸ் கட்ட வேண்டும் என்பதை இளையவர்கள் நம்ப மாட்டார்கள். பாஸ்புக் மாதிரி ஒரு புத்தகம் இருக்கும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 1980களின் நடுவில்தான் அந்த நடைமுறை முழுதாக ஒழிந்தது.

1963இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகம் செய்தது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் லூ ஓட்டன்ஸ் என்ற டச்சுப் பொறியாளர். 1966இல் அதே நிறுவனம் ரேடியோவையும் கேசட்டையும் ஒரே பெட்டிக்குள் வைத்தது. உலகம் பின்னால் பூம்பாக்ஸ் என்று அழைத்த பொருளுக்கு அதுவே முன்னோடி. நம் ஊரில் அதற்குப் பெயர் "டூ-இன்-ஒன்".

டூ-இன்-ஒன் நமக்கு வந்த வழி இரண்டு. ஒன்று வளைகுடா. வெளிநாட்டுச் சாமான் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த காலம் அது. லீவில் வருபவர் கையில் பெட்டியோடு இறங்கினால் தெருவே வாசலில் நிற்கும். வங்கியில் நான் கவுன்டரில் உட்கார்ந்த ஆண்டுகளில் வளைகுடா டிராப்ட்டும் நேஷனல் பானசோனிக் பெட்டியும் ஒரே வீட்டுக்குத்தான் வரும். இன்னொரு வழி சென்னை பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் பிழைப்பதற்காக 1969இல் ஏற்பட்ட கடைத்தெரு, பத்தாண்டுக்குள் டேப் ரெக்கார்டர் தேடுவோரின் முதல் முகவரி ஆனது.

கேசட்டுக்கு முன்னால் நாம் வானொலி போட்டதைக் கேட்டோம். கேசட் வந்தபின் நாம் விரும்பியதைப் போட்டோம். அதுதான் பெரிய மாற்றம். ரெக்கார்டிங் கடைக்குப் போய் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுப்போம். அறுபது நிமிட கேசட் என்றால் பக்கத்துக்கு அரை மணி நேரம். எந்தப் பாட்டை விடுவது என்று வீட்டில் வழக்கே நடக்கும். நாடா சுருண்டால் பென்சிலைச் செருகிச் சுற்றினோம். கல்யாண வீட்டிலும் டீக்கடையிலும் இளையராஜா பாட்டு இடைவிடாமல் ஒலித்தது அந்த நாடாவின் தயவில்தான்.

தோளில் ஏறிய பெட்டி

அதே 1970களின் கடைசியில் ஜப்பானியப் பெட்டிகள் நியூயார்க் தெருக்களில் இளைஞர்களின் தோளில் ஏறின. பெரிய ஸ்பீக்கர், அதிரும் பேஸ். இடமும் மேடையும் இல்லாத கறுப்பின, லத்தீன் இளைஞர்களுக்கு அந்தப் பெட்டியே மேடை. ஹிப்-ஹாப் இசை தெருத்தெருவாகப் பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. நடைபாதையில் போனவர்களுக்கோ அது தலைவலி. 1989இல் ஸ்பைக் லீ எடுத்த "டூ த ரைட் திங்" படத்தில் ஒரு பிட்சா கடைக்குள் பூம்பாக்ஸ் அலறுகிறது. கடைக்காரர் மட்டையால் அதை அடித்து நொறுக்குகிறார். அந்தத் தகராறு ஓர் இளைஞனின் உயிரில் போய் முடிகிறது. அதில் நிறவெறியும் பழைய பகையும் கலந்திருந்தன. ஆனாலும் தகராறின் கைப்பிடியாக இருந்தது ஒரு பாட்டுப் பெட்டி.

இந்த இடத்தில்தான் கணக்கு மாறிவிட்டது. ஊருக்கு ஒன்றாக இருந்த பெட்டி வீட்டுக்கு ஒன்றாகி, இன்று ஆளுக்கு ஒன்றாகிவிட்டது. ஒரு பெட்டியைக் கேட்கும் கூட்டம் சுருங்கிக்கொண்டே வந்தது. பெட்டியின் சத்தமோ ஏறிக்கொண்டே வந்தது. ஐந்நூறு பேருக்கான சத்தத்தை ஒருவர் கேட்டால் மீதி 499 பேருக்கு அது இரைச்சல்.

இன்றைய பெட்டிக்குள் இருப்பவை

இன்று நாம் வாங்கும் பெட்டி இந்த வரலாறு முழுவதையும் சுமந்துகொண்டுதான் வருகிறது.

*எஃப்.எம்.* இந்தியாவில் எஃப்.எம். ஒலிபரப்பு முதலில் தொடங்கியதே சென்னையில்தான், 1977 ஜூலை 23 அன்று. எஃப்.எம். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்லும். மலையும் கட்டடமும் மறைக்கும். சென்னை நமக்குக் கிழக்கே சுமார் 85 கிலோமீட்டர், திருப்பதி வடக்கே அதைவிட அருகில். எனவே கிழக்கு அல்லது வடக்குப் பக்க ஜன்னலோரம் வைத்து, ஏரியலை முழுதாக இழுத்துப் பாருங்கள். மேல்மாடிகளில் நன்றாக எடுக்கும். சில செட்டுகளில் ஏரியல் கம்பி இருக்காது. சார்ஜர் ஒயரைச் செருகினால் அதுவே ஏரியல் ஆகும். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லைக் கோடு நிலத்தில்தான். தமிழும் தெலுங்கும் நம் ஜன்னலுக்கு இன்றும் சேர்ந்தே வருகின்றன.

*பென் டிரைவ் துளை.* இது கேசட்டின் வாரிசு. பெட்டி பென் டிரைவைப் படிக்கவில்லை என்றால், பெரும்பாலும் குறை பென் டிரைவில் இல்லை. கம்ப்யூட்டரில் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்து, பாட்டுகளை எம்பி3 வடிவில் ஏற்றினால் படித்துவிடும். வயதானவர்களுக்கு செல்போனை இணைத்துக் கொடுப்பதைவிட இதுவே எளிது. 1902இல் கல்கத்தாவில் தொடங்கிய இசைத்தட்டுப் பதிவின் வழிவந்த பழைய எச்.எம்.வி. நிறுவனம்தான் இன்றைய சரிகம. 5000 பாட்டுகளைப் பெட்டியிலேயே ஏற்றி, ரேடியோ மாதிரி திருகும் குமிழ் வைத்து, 2017இல் அது கொண்டுவந்த "கார்வான்" விற்பனையில் ஓடியதற்குக் காரணமும் இந்த எளிமைதான்.

*புளூடூத்.* 1994இல் சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் தொடங்கிய வேலை; பெயர் பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் அரசன் ஹரால்டுடையது. சாதாரணமாகப் பத்து மீட்டர். நடுவில் கான்கிரீட் சுவர் வந்தால் அதிலும் குறையும். பாட்டு விட்டுவிட்டு வந்தால் செல்போனைப் பெட்டி இருக்கும் அறையிலேயே வையுங்கள்.

*பேட்டரி.* அன்று எட்டு டார்ச் செல். இன்று 1991இல் சோனி சந்தைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயான். இதைக் கண்டவர்களுக்கு 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இதன் எதிரி வெயில். நம் ஊர்க் கோடையில் பால்கனியிலோ பூட்டிய காரிலோ வைத்தால் பேட்டரியின் ஆயுள் வேகமாகக் குறையும். மாதக்கணக்கில் எடுக்காமல் வைப்பதானால் பாதிச் சார்ஜில் வையுங்கள்.

*வாட்ஸ்.* 10 வாட்ஸ் பெட்டியைவிட 100 வாட்ஸ் பெட்டி பத்து மடங்கு சத்தம் போடும் என்று நினைத்துக் கூடுதல் விலை கொடுக்கிறோம். காதின் கணக்கு வேறு. சக்தி பத்து மடங்கானால் 10 டெசிபல் கூடும். நம் காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்காகத்தான் தெரியும். ஓர் அறைக்குச் சின்னப் பெட்டியே போதும்.

சுவர் தாண்டும் சத்தம்

அடுத்த வீட்டுக்குப் பாட்டு கேட்பதில்லை, "டம் டம்" மட்டும் கேட்கிறது. இதற்குக் காரணம் உண்டு. உயர்ந்த ஒலிகளைச் சுவர் தடுத்துவிடும். பேஸ் ஒலியின் அலை பல மீட்டர் நீளம். சுவரையும் தளத்தையும் அதிரவைத்து அப்பால் போகும். பெட்டியை மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் சேர்ந்து பேஸை இன்னும் ஏற்றும். ஆகவே சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, ஸ்டூல்மேல், அடியில் நாலாக மடித்த துண்டு போட்டு வையுங்கள். ஸ்பீக்கர் முகம் உங்கள் காது உயரத்தில், உங்களைப் பார்த்து இருக்கட்டும். பேஸைக் கொஞ்சம் குறையுங்கள். பாடகரின் சொல் தெளிவாகக் கேட்கும். அடுத்த வீட்டுக்குக் குழந்தையைத் தூங்கவைக்க முடியும்.

சட்டமும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் அளவு. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. தனியார் இடத்து ஒலிக்கருவியின் சத்தம் அந்த இடத்தின் எல்லையில் இந்த அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக்கூடாது. சொந்த வீட்டுக்குள் கேட்டாலும் அமைதியாக வாழ அடுத்தவருக்கு உரிமை உண்டு என்பதை 2005 ஜூலை 18 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவோடு சேர்த்துச் சொன்னது. ஆனால் 45 டெசிபலை அளக்கப் போலீஸ்காரர் மாடி ஏறி வரும் நிலை நமக்கு எதற்கு? பத்து மணிக்குமேல் இயர்போன் என்று நமக்குள் ஒப்புக்கொண்டால் முடிந்தது.

மறுபடியும் எல்லோருக்கும் ஒன்று

ஒரு பெட்டி பல பேருக்கு என்ற பழைய வழக்கம் திரும்ப வேண்டிய நாட்களும் உண்டு. 2016 டிசம்பர் 12 வர்தா புயலிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நம் திருவள்ளூர் மாவட்டமும் சென்னையும் பட்டது நினைவிருக்கும். கரண்ட் போய், செல்போன் சிக்னலும் போனபின் வாட்ஸ்அப் குழுவால் பயனில்லை. எஃப்.எம். கேட்க டவரும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். இப்போது விற்கும் புது ஸ்பீக்கர்கள் பலவற்றில் எஃப்.எம். இல்லை என்பதையும் வாங்கும்போது கவனியுங்கள்.

எனவே சங்கத்துக்கு ஒரு யோசனை. ஒவ்வொரு பிளாக்கிலும் ஏரியல் கம்பியுள்ள ஒரு எஃப்.எம். செட்டை வாட்ச்மேன் அறையில் வைக்கலாம். அக்டோபரில் மழை தொடங்குமுன் சார்ஜ் செய்து, ஒருமுறை பாடவிட்டுப் பார்த்து, செயலாளரின் பதிவேட்டில் குறித்துக்கொள்ளலாம். பழைய செட் பரணில் இருப்பவர்கள் கொடுத்தால் செலவும் இல்லை. புயல் இரவில் அதைப் படிக்கட்டில் வைத்து முழுச் சத்தமாகப் போட்டால், அன்றைக்கு யாரும் புகார் எழுத மாட்டார்கள்.