பாண்டு நோயும் மூலிகை ஆய்வும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மரபு மருத்துவ நூல்கள் பாண்டு எனச் சுட்டும் நோய் இன்று பெரும்பாலும் இரத்தசோகை என்றே பொருள் கொள்ளப்படுகிறது. இப்பொருள் எவ்வளவு பொருந்தும் என்பதைப் பொறுத்தே பழைய மூலிகைகளைச் சோதிக்கும் ஆய்வுகளின் மதிப்பும் அமைகிறது.

நிறமும் அளவும்

பாண்டு என்பது வெளிறிய மஞ்சள் நிறத்தைக் குறிக்கும் சொல். சரக சங்கிதை இந்நோயை ஐவகைப்படுத்துகிறது. முக்குற்றங்கள் தனித்தனியே மிகுவதால் மூன்று, அவை ஒருங்கே கெடுவதால் ஒன்று, மண் தின்பதால் ஒன்று என்பது அப்பகுப்பு. காமாலையும் அதே இயலில் இடம்பெறுகிறது. நிறமாற்றமே அங்கு முதன்மை அடையாளம். ஆதலின், கல்லீரல் கோளாறும் இரும்புக் குறைவும் ஒரே பெயரில் அடங்க இடமுண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஈமோகுளோபினை அளக்கும் முறை வந்த பின்னரே இரத்தசோகையை எண்ணால் வரையறுக்க முடிந்தது. எனவே, கரிசலாங்கண்ணி பாண்டுவைத் தீர்க்கும் என்னும் மரபுக் கருத்து, அது ஈமோகுளோபினை உயர்த்தும் என்பதற்குச் சான்றாகாது; சோதித்தறிய வேண்டிய கருதுகோளே ஆகும்.

மூலிகையும் இரும்பும்

மேலும், மரபு மருத்துவம் இந்நோய்க்கு மூலிகையை மட்டுமே தந்ததில்லை; இரும்பு சேர்ந்த மருந்துகளையும் தந்தது. சரகர் கூறும் நவாயச உலோகத்தில் திரிபலை, திரிகடுகு, கோரைக்கிழங்கு, வாய்விடங்கம், சித்திரமூலம் என ஒன்பது சரக்குகள் ஒவ்வொரு பங்கும், இரும்புப் பொடி ஒன்பது பங்கும் சேர்கின்றன. சித்த மருத்துவத்தின் அன்னபேதிச் செந்தூரமும் இரும்பு உப்பிலிருந்து செய்யப்படுவதே.

இச்செந்தூரத்துடன் பாவனக் கடுக்காய், மாதுளை மணப்பாகு, நெல்லிக்காய் இலேகியம் ஆகியவற்றைச் சேர்த்து வளரிளம் பெண்களுக்கு வழங்கிய ஆய்வின் முடிவுகள் 2024இல் அறிவிக்கப்பெற்றன. தேசிய சித்த மருத்துவ நிறுவனம் உள்ளிட்டவை இதில் பங்கேற்றன. 2,648 பேரில் 2,300 பேர் 45 நாள் மருத்துவத்தை நிறைவு செய்தனர். முதலில் குடிநீர் கொடுத்துக் குடற்புழு நீக்கப்பட்டது. சோர்வு முதலிய குறிகுணங்கள் குறைந்தன, ஈமோகுளோபின் உயர்ந்தது.

இப்பயனில் மூலிகையின் பங்கு எவ்வளவு என்பதே எஞ்சும் வினா. நெல்லியின் உயிர்ச்சத்து சி இரும்பை உடல் ஏற்கத் துணைபுரியும். கடுக்காயின் துவர்ப்புப் பொருளோ அதனைத் தடுக்க வல்லது. அதே அளவு இரும்பைத் தனியே பெற்றவர்களுடன் ஒப்பிட்டால்தான் இதற்கு விடை காண இயலும்.

முடிவுரை

பாண்டுவை இரத்தசோகை என மாற்றி எழுதுவது நூலின் பொருளைச் சுருக்குவதோடு சோதனையின் தொடக்கத்தையும் பிழைபடச் செய்கிறது. மூலச்சொல்லையும் குறிகுணங்களையும் சரக்குகளின் அளவையும் உள்ளவாறே பதிப்பித்தல் வேண்டும். ஆய்வகத்திற்குத் தமிழாய்வு வழங்கக்கூடிய முதல் உதவி அதுவே எனலாம்.