கரிசல் நிலமும் ஆமோஸின் குரலும்

கோவில்பட்டியை அடுத்த இடைசெவல், வற்றாத ஆறில்லாத கரிசல் நாட்டுச் சிற்றூர்களுள் ஒன்று. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் விளைவிக்கும் மானாவாரிப் பூமி இது. 1923ஆம் ஆண்டு செப்டம்பரில், சில நாட்கள் இடைவெளியில் இவ்வூரிற் பிறந்த கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் இம்மக்களின் பாடுகளைத் தமிழிலக்கியத்துள் கொணர்ந்தனர். முன்னவரின் ‘கதவு’ என்னும் சிறுகதையில், தீர்வை செலுத்த இயலாத ஏழை வீட்டின் கதவு பெயர்த்தெடுத்துச் செல்லப்படுகிறது. அதை வாசிக்கும் நாம், எளியவனிடம் அடகாக வாங்கிய உடையைப் பலிபீடத்தருகே விரித்துப் படுத்தோரைக் கடிந்த ஆமோஸை (ஆமோஸ் 2:8) நினையாதிருக்கக் கூடுமோ?

ஆமோஸ், யூதாவின் வனாந்தர விளிம்பிலுள்ள தெக்கோவாவில் மந்தை மேய்த்தவர்; காட்டத்திப் பழம் பறித்தவர். கி.மு. எட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இரண்டாம் யெரொபெயாமின் ஆட்சியில், இஸ்ரவேல் நாடு செழித்திருந்தது. செழிப்போ சிலர் கைகளிலேயே தங்கியிருந்தது. பெத்தேலில் ஆராதனைக்குக் குறைவில்லை. மரக்காலில்தான் குறைவிருந்தது (8:5). அதைச் சுட்டியவரை ஆசாரியனாகிய அமத்சியா, வேறிடம் போய்ப் பிழைத்துக்கொள்ளுமாறு விரட்டினான்.

‘தீர்க்கதரிசி’ என்னும் சொல் நெடுந்தொலைவு காண்பவர் எனப் பொருள்படும். இதனால் நம் சபைகளிற் பலர், எதிர்காலம் உரைப்பதே தீர்க்கதரிசனம் என எண்ணிவிட்டனர். ‘நாபி’ என்னும் எபிரெயச் சொல்லோ, அழைக்கப்பட்டவர் என்ற கருத்துடையதென அறிஞர் பலர் கூறுவர். தேவனுடைய உடன்படிக்கையை அளவுகோலாகக் கொண்டு நிகழ்காலத்தை அளந்து காட்டுவதே அவர்தம் முதற்பணி. வரவிருக்கும் அழிவைப் பற்றிய எச்சரிப்பும் அந்த அளவையிலிருந்தே பிறந்தது.

இக்கண்ணோட்டத்துடன் நம் வரலாற்றைப் பார்ப்போம். 1854இல் சி.எம்.எஸ். மிஷனரி தாமஸ் ராக்லாந்து தம் தோழர்களுடன் வட திருநெல்வேலிக்கு வந்து, கூடாரங்களில் தங்கி ஊர் ஊராகச் சுவிசேஷம் அறிவித்தார். தென் திருநெல்வேலிச் சபைகள் தம் செலவில் உபதேசியார்களை முறைவைத்து அனுப்பின. 1858இல் ராக்லாந்து சிவகாசியில் மரித்தார். அவர்தம் தியாகத்திற்கு நாம் கடன்பட்டுள்ளோம். 1876-78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சத்தில் மிஷன்கள் பசித்தோருக்கு உதவின. திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தனர். பசித்தவனுக்கு உணவளித்தல் கிறிஸ்துவின் கட்டளை. ஆயினும், பஞ்சம் வருமுன் நிலம் யார் கையில், கடன் யார் தலையில் என வினவுவதும் தேவ ஊழியமே. நாபோத்தின் திராட்சத்தோட்டத்தில் எலியா நின்றது இதற்காகவே.

1920களில் தொடங்கிச் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரங்களிற் பரவிய தீப்பெட்டித் தொழில், மழை பொய்த்த குடும்பங்களுக்குக் கூலி தந்தது. ஆனால் பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்காகப் பிள்ளைகள் விடியுமுன் வேலைக்குச் சென்றதும் உண்டு. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. 1996 டிசம்பர் 10ஆம் நாள் உச்சநீதிமன்றம், சட்டத்தை மீறிப் பணியிலமர்த்தப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிமையாளர் 20,000 ரூபாய் செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. ஒரு ஜோடு பாதரட்சைக்காக எளியவர் விலையாவதை (8:6) ஆமோஸ் கண்டித்து இருபத்தேழு நூற்றாண்டுகள் கடந்தபின் இத்தீர்ப்பு தேவைப்பட்டது. அந்நாட்களில் நம் பிரசங்க பீடங்களிலிருந்து இப்பிள்ளைகளுக்காக எத்தனை குரல்கள் எழும்பின என நம்மை நாமே கேட்டுக்கொள்ளல் தகும்.

ஆமோஸை வாசிக்கையில் நாம் இயல்பாகவே நம்மை ஆமோஸின் பக்கம் நிறுத்திக்கொள்கிறோம். ஆலயமும் நிலமும் நிறுவனங்களும் உடைய நாம், ஒருவேளை அமத்சியாவின் இடத்தில் நிற்கிறோமோ? கூலி கொடுக்கும்போதும், கல்விச்சாலையில் இடம் அளிக்கும்போதும், சபைக் கணக்கை எழுதும்போதும் இவ்வினா நம்முன் எழவேண்டும். ஆமோஸ் அறிவித்த நியாயத்தீர்ப்பு தேவஜனத்திற்கே முதலாவது உரியது. அவர் நூலின் முடிவில் (9:11-15) ஒளிரும் நம்பிக்கையும் அவ்வாறே. அந்நம்பிக்கையில் பாழான நிலம் மீண்டும் விளைகிறது. நட்டவர்களே அதன் பலனை உண்கிறார்கள். கரிசல் உழவன் மழைக்காகச் செய்யும் ஜெபத்தில் இவ்விரண்டும் அடங்கியுள்ளன. அந்த ஜெபத்திற்கு ஆமென் சொல்லும் நாம், அவனுடைய மரக்காலுக்கும் பொறுப்பாளிகள் ஆகிறோம்.