இரட்டைக் குரல்: பெங்குயின்களைக் கேட்ட வரலாறு

நம்முடைய இணையக் கூட்டங்கள் எல்லாமே "என் குரல் கேட்கிறதா?" என்ற கேள்வியில்தான் தொடங்குகின்றன. இன்று நான் பேச எடுத்துக்கொண்டதும் அதே கேள்விதான். ஆனால் கேட்பவை பெங்குயின்கள்.

ஒரு பழைய புகைப்படத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். 1904, அண்டார்க்டிகாவின் வெடல் கடல். ஸ்காட்லாந்திலிருந்து போன 'ஸ்கோஷியா' கப்பலின் கில்பர்ட் கெர் தன் மரபான உடையில் பனிமேல் நின்று பேக்பைப் வாசிக்கிறார். எதிரே ஒரு பேரரசப் பெங்குயின். ஓடிவிடாதபடி கட்டிவைத்திருக்கிறார்கள். பறவை வாசிப்பைப் பொருட்படுத்தவே இல்லை. சில ஆண்டுகள் கழித்து ஷாக்கிள்டனின் 'நிம்ரோட்' பயணத்தில் (1907–09) பெங்குயின்களுக்கு முன்னால் கிராமபோனை வைத்துப் படம் எடுத்தார்கள். இரண்டும் வேடிக்கையான படங்கள்தான். ஆனால் அன்றைய மனிதர்கள் அங்கே தங்கள் இசையைக் கேட்கவைக்கத்தான் முயன்றார்கள். அந்தப் பறவை என்ன சொல்கிறது என்பது அவர்களுடைய கேள்வியாக இருக்கவில்லை.

கருவி இல்லாமல் இல்லை. 1889-லேயே ஜெர்மனியில் லுட்விக் கோக் என்ற எட்டு வயதுச் சிறுவன் எடிசனின் மெழுகு உருளையில் ஒரு பறவையின் பாட்டைப் பதிந்துவிட்டான். (அது நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வாழும் சோலைப்பாடி என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை.)

பேரரசப் பெங்குயின் குளிர்கால இருட்டில் முட்டையிடுவது. 1911-ல் அதன் முட்டைக்காக வில்சன், பவர்ஸ், செர்ரி-கராட் மூவரும் கேப் குரோசியருக்கு இழுவண்டியோடு நடந்தார்கள். மைனஸ் 60 டிகிரிக்கும் கீழே குளிர். முதல் முயற்சியில் பறவைகளை நெருங்க முடியவில்லை. கண்ணுக்குத் தெரியாத கடல்பனியிலிருந்து கூவல் மட்டும் வந்து பாறையில் மோதி எதிரொலித்தது என்று செர்ரி-கராட் எழுதுகிறார். கடைசியில் மூன்று முட்டைகள் லண்டன் போய்ச் சேர்ந்தன. குரல் பனியிலேயே தங்கிவிட்டது.

1952 ஜனவரியில் பிரான்ஸின் போர்-மார்த்தன் நிலையம் தீயில் எரிந்துபோனது. அந்தக் குளிர்காலத்தை ஏழு பேர் புவாந்த் ஜியோலொஜியில் பேரரசப் பெங்குயின் கூட்டத்துக்கு அருகே கழித்தார்கள். பிரெஞ்சு ஆய்வு அங்கிருந்து வளர்ந்தது. இதற்கிடையே 1940-களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் ஒலியைப் படமாக வரையும் கருவியைச் செய்திருந்தது. காதுக்கு ஒரே இரைச்சலாகக் கேட்டது காகிதத்தில் கோடுகளாகப் பிரிந்தது. பியேர் ஜுவந்தன் பல பெங்குயின் இனங்களின் குரல்களை இப்படி ஒப்பிட்டு 1982-ல் நூலாக்கினார்.

அவரும் தியெரி ஓபனும் குரோசே தீவுகளில் அரசப் பெங்குயின்களிடம் செய்த சோதனைதான் எனக்கு மிகப் பிடித்தது. இந்த இனத்துக்குக் கூடு கிடையாது. குஞ்சுகள் கும்பலாக நிற்கும். கடலிலிருந்து திரும்பும் தாயோ தந்தையோ தன் குஞ்சுக்கு மட்டுமே ஊட்டும். குரலைத் தவறவிட்டால் பட்டினி. சுற்றிலும் ஆயிரக்கணக்கான பறவைகள் கத்திக்கொண்டிருக்கும்.

பெற்றோரின் கூவலைப் பதிந்து, மற்றப் பறவைகளின் சத்தத்தோடு கலந்து, ஒலிபெருக்கியில் குஞ்சுக்குப் போட்டார்கள். கூவல் இரைச்சலைவிட 6 டெசிபெல் தாழ்ந்திருந்தபோதும், அதாவது ஆற்றலில் அதன் கால்வாசியாக இருந்தபோதும், குஞ்சு கண்டுகொண்டது. முழுக் கூவலும் வேண்டியிருக்கவில்லை. 0.23 நொடி நீளமுள்ள ஒரு துண்டு போதுமாக இருந்தது. 1998-ல் இதை வெளியிட்டார்கள்.

எப்படி முடிகிறது? பறவையின் குரலுறுப்பு மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில் இருக்கிறது. இரு கிளையும் தனித்தனியே ஒலிக்கலாம். கிட்டத்தட்ட ஒரே சுருதியில் இரண்டு ஒலிகள் சேரும்போது ஏறி இறங்கும் ஓர் அதிர்வு உண்டாகும். தம்புராவுக்குச் சுருதி சேர்த்தவர்களுக்குத் தெரியும். நம் பள்ளி இயற்பியல் பாடத்தில் அதற்கு 'விம்மல்' என்று பெயர். எவ்வளவு பொருத்தமான சொல் பாருங்கள்! இந்த விம்மல் பறவைக்குப் பறவை வேறுபடும்.

2000-ல் வெளியான ஆய்வில் பேரரசப் பெங்குயினின் கூவலிலிருந்து ஒரு குரலை மட்டும் நீக்கிவிட்டு மற்றதை ஒலிக்கவிட்டார்கள். விம்மல் போனதும் அடையாளமும் போயிற்று.

பிறகு அடேலி, ஜென்டூ பெங்குயின்களைச் சோதித்தார்கள். இவை கூழாங்கற்களால் கூடு கட்டுபவை. வந்து சேர ஓர் இடம் இருக்கிறது. இவற்றுக்கு இரட்டைக் குரலின் நுட்பம் தேவைப்படவில்லை. சுருதியும் குரலின் நிறமுமே போதும். விம்மலைக் கொண்டு அடையாளம் காண்பவை கூடில்லாத அந்த இரண்டு இனங்கள்தான். முட்டையைக் காலின்மேல் வைத்துக்கொண்டே நடப்பவையும் அவைதான்.