4 பென்னி: 'ஃப்ரம் ஹெல்' படம் கேட்காமல் விட்ட கேள்வி

இன்னிக்கு நாம எடுத்துக்கப் போற படம் 2001-ல் வந்த 'ஃப்ரம் ஹெல்'. ஹியூஸ் சகோதரர்கள் இயக்கியது. ஆலன் மூர், எடி கேம்பெல் இருவரும் உருவாக்கிய கிராஃபிக் நாவல்தான் மூலம். பனிமூட்டம், ஈரமான சந்துகள், கறுப்புக் குதிரை வண்டி, அபின் மயக்கத்தில் கொலைகளைக் கனவில் பார்க்கும் இன்ஸ்பெக்டர் ஆபர்லைனாக ஜானி டெப். படமா பார்த்தா செம. ஆனா நம்ம வேலை வரலாறு. ஸ்பாய்லர் இருக்கு, சொல்லிட்டேன்.

படத்தில் கொலைகாரன் யாரு? விக்டோரியா மகாராணியின் மருத்துவர் சர் வில்லியம் கல். அரண்மனை ரகசியம் ஒன்று தெரிந்த பெண்களைத் தேடித்தேடிக் கொல்கிறார். 1976-ல் ஸ்டீஃபன் நைட் எழுதிய ஒரு புத்தகம் பிரபலமாக்கிய தியரி இது. நிஜ கல்லுக்கு 1888-ல் 71 வயது. அதற்கு முந்தைய வருஷம்தான் பக்கவாதம் வந்திருந்தது. இருட்டுச் சந்துக்குள்ள பாய்ந்து ஓடுற ஆள் இல்லை. ஆபர்லைனும் படத்தில் வருவது போல அபினால் சாகவில்லை. 1892-ல் ஓய்வு பெற்று, 1929-ல் 86 வயதில் இறந்தார்.

'ஜாக் தி ரிப்பர்' என்ற பெயரே சந்தேகத்துக்குரியதுதான். 1888 செப்டம்பர் 27-ம் தேதி சென்ட்ரல் நியூஸ் என்ற செய்தி நிறுவனத்துக்கு ஒரு கடிதம் வந்தது. கீழே கையெழுத்து அந்தப் பெயரில். எழுதியது ஒரு பத்திரிகைக்காரர்தான் என்று போலீஸ் அதிகாரிகளே பின்னால் சந்தேகப்பட்டார்கள். அதாவது, கொலைகாரனுக்கு பிராண்ட் நேம் வெச்சது மீடியாவா இருக்கலாம்.

போலீஸ் ஏன் பிடிக்கலன்னு கேட்பீங்க. ஸ்காட்லாந்து யார்டில் கைரேகைப் பிரிவு வந்ததே 1901-ல்தான். போதாக்குறைக்கு, கொலையானவரின் ஏப்ரன் துண்டு கிடைத்த இடத்தில், சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்த வாசகத்தை, போட்டோ எடுப்பதற்கு முன்பே அழிக்கச் சொன்னவர் போலீஸ் கமிஷனர் சார்லஸ் வாரன். யூதர்களுக்கு எதிராகக் கலவரம் வந்துவிடும் என்ற பயம். பயம் நியாயம்தான். ஆனா நம்ம பாஷையில், சர்வர் கிராஷ் ஆன ராத்திரி லாக் ஃபைலை டெலீட் பண்ணின கதை.

சரி, படம் கேட்காத கேள்விக்கு வருவோம். அவன் யார் என்பதை விடுங்க. அந்தப் பெண்கள் அந்த நேரத்தில் ஏன் தெருவில் இருந்தார்கள்?

அவன் கணக்கில் பொதுவாகச் சேர்க்கப்படுவது 5 கொலைகள். கிழக்கு லண்டனின் வைட்சேப்பலும் அக்கம்பக்கமும். ஆகஸ்ட் 31 முதல் நவம்பர் 9 வரை, 10 வாரம்.

முதலில் மேரி ஆன் நிக்கோல்ஸ். 43 வயது, 5 குழந்தைகளின் அம்மா. கணவரைப் பிரிந்தவர். அங்கே ஏழைகள் தங்கும் விடுதியில் ஒரு ராத்திரிக்கு ஒரு கட்டில் 4 பென்னி. அன்றைக்கு அவரிடம் அது இல்லை. வெளியே அனுப்பிவிட்டார்கள். தலையில் இருந்த புதுத் தொப்பியைக் காட்டி, காசு சீக்கிரம் கிடைச்சிடும் என்று சிரித்தபடி போனார். விடிகாலை 3:40 மணிவாக்கில் பக்ஸ் ரோ தெருவில் உடல் கிடந்தது.

ஆனி சாப்மன், 47 வயது, உடம்பு சரியில்லாதவர். அவரும் கட்டில் காசு இல்லாமல் ராத்திரியில் விடுதியை விட்டு இறங்கினார். என் கட்டிலை வேறு யாருக்கும் கொடுத்துடாதீங்க என்ற மாதிரி சொல்லிட்டுப் போனார். திரும்பி வரலை.

எலிசபெத் ஸ்ட்ரைட், ஸ்வீடனில் பிறந்தவர். சாவதற்கு முந்தைய பகலில் விடுதி அறைகளைச் சுத்தம் பண்ணி 6 பென்னி சம்பாதித்தார். அதே இரவில் இறந்த கேத்தரின் எட்டோஸிடம் ஒரு அடகுச் சீட்டு இருந்தது. கூட வாழ்ந்தவரின் பூட்ஸை அடகு வைத்த சீட்டு.

கடைசியாக மேரி ஜேன் கெல்லி. ஐவரில் சொந்தமா ஒரு அறையும் கதவும் இருந்தது அவருக்கு மட்டும்தான். வாடகை பாக்கி 29 ஷில்லிங். உடலைக் கண்டுபிடித்தது யார் தெரியுமா? வாடகை வாங்க வந்த ஆள்!

இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. படத்தில் இந்தப் பெண்கள் ஒரு ராஜ ரகசியத்துக்காகச் சாகிறார்கள். நிஜத்தில் குறைந்தது இரண்டு பேர் தெருவுக்கு வந்ததே ஒரு கட்டிலின் விலைக்காகத்தான்.

2019-ல் ஹாலி ரூபன்ஹோல்ட் 'தி ஃபைவ்' புத்தகத்தில் இன்னொரு அடி அடித்தார். ஐவரையும் பாலியல் தொழிலாளிகள் என்றே 130 வருஷமாக எழுதினோம், மூன்று பேர் விஷயத்தில் அதற்கு உறுதியான ஆதாரமே இல்லை என்பது அவர் வாதம். எல்லா ஆய்வாளர்களும் இதை ஒத்துக்கல. ஆனா அதுக்கு அப்புறம், கொலைகாரனை மட்டும் பேசிட்டுப் போக முடியலை.

அப்போதே ஒருவர் இதைக் கவனித்தார். ஜார்ஜ் பெர்னார்ட் ஷா, அதே செப்டம்பரில் 'தி ஸ்டார்' பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். நாங்கள் கூட்டம் போட்டுப் பேசி சாதிக்க முடியாததை ஒரு கொலைகாரன் சாதித்துவிட்டான், பணக்காரர்கள் கடைசியில் கிழக்கு லண்டனைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று கசப்பான கிண்டல்.

அவன் யாருங்கிற கேள்விக்கு இன்னிக்கு வரைக்கும் பதில் இல்லை. அந்த 4 பென்னி ஏன் இல்லைங்கிற கேள்விக்கு 1888-லேயே பதில் இருந்தது. அதை வெச்சு யாரும் த்ரில்லர் எடுக்கலை, அவ்வளவுதான்.

அடுத்த எபிசோடில் பார்க்கலாம் மக்களே.