எதன் நகல்?

கிட் பெட்டியின் ஓரத்தில் 1/650 என்று அச்சடித்திருக்கிறது. மாடல் செய்கிறவர்கள் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் கிட்டில் 1/72 என்று போட்டிருந்தால் அதற்கு நேரடியான அர்த்தம் உண்டு. நிஜமான ஸ்பிட்ஃபயர் இங்கிலாந்தில் இன்னும் சில பறக்கின்றன, சில அருங்காட்சியகங்களில் நிற்கின்றன. சந்தேகம் என்றால் போய் டேப் வைத்து அளந்து 72ஆல் வகுத்துக்கொள்ளலாம்.

என் மேசையில் இருப்பது ‘ஸ்டார் ட்ரெக்’ தொலைக்காட்சித் தொடரின் எண்டர்பிரைஸ் விண்கலம். கதைப்படி அதன் நீளம் 947 அடி. 650ஆல் வகுத்தால் பதினேழரை அங்குலம் வரும். கிட்டின் நீளமும் அதுதான். கணக்கில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த 947 அடிக் கப்பல் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. படப்பிடிப்புக்காகச் செய்த பெரிய மாடலின் நீளம் 11 அடி 2 அங்குலம். உலகத்தில் அளந்து பார்க்கக்கூடிய பெரிய எண்டர்பிரைஸ் அதுதான். அதோடு ஒப்பிட்டால் என்னுடையது சுமார் ஏழரை மடங்கு சின்னது. பெட்டியில் ஏழரை என்று போட்டிருந்தால் எங்கள் வீட்டில் உள்ளேயே விட்டிருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

ஆக, ஒரு நகலை இன்னொரு நகலைப் பார்த்துச் செய்கிறோம். அப்படியானால் அசல் எது? இந்தக் கேள்வியோடு பழைய தொலைக்காட்சி விண்கலங்களின் வரலாற்றைப் படித்தால், மாடல் என்ற சொல்லே கொஞ்சம் கொஞ்சமாகத் தலைகீழாகிவிடுகிறது.

*

எண்டர்பிரைஸை வரைந்தவர் மேட் ஜெஃப்ரீஸ். தொடரின் கலை இயக்குநர், விமானம் ஓட்டத் தெரிந்தவர். அவருடைய வரைபடங்களை வைத்து 1964இன் இறுதியில் ரிச்சர்ட் டேட்டின் என்ற மாடல் கைவினைஞர் முதலில் 33 அங்குலத்தில் ஒன்றை மரத்தில் செய்தார். அது பிடித்துப்போனதும் பெரிய மாடலுக்கு உத்தரவு வந்தது. மரம், தகடு, பிளாஸ்டிக் எல்லாம் கலந்து செய்த 11 அடிக் கப்பல் அப்படித்தான் உருவானது. தொடர் 1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. மூன்று சீசன், 79 எபிசோடு, 1969இல் முடிந்துவிட்டது.

முதலில் மாடலில் விளக்கே கிடையாது. பிறகு ஜன்னல்களுக்கு விளக்கு வைத்தார்கள். இரண்டு எஞ்சின்களின் முன்பக்கக் குமிழ்களுக்குள் கிறிஸ்துமஸ் சீரியல் லைட்டை மினுக்கவிட்டு, அதற்கு முன்னால் மோட்டாரில் சின்ன இறக்கைகளைச் சுழலவிட்டார்கள். நட்சத்திரங்களுக்கு இடையே பாயும் எஞ்சினின் ரகசியம் அவ்வளவுதான். நம்மூர்த் திருவிழா சீரியல் செட்காரருக்கு இதில் புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றும் இருந்திருக்காது.

விளக்கு வந்தால் வயரும் வரும். அந்த வயர்களைக் கப்பலின் இடது பக்கத்தில் வெளியே எடுத்தார்கள். அதனால் இடது பக்கத்துக்கு முழு வேலைப்பாடு செய்யவில்லை. கேமரா வலது பக்கத்தை மட்டுமே பார்த்தது. கப்பல் எதிர்த்திசையில் போக வேண்டிய ஷாட் என்றால், எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி ஒட்டிப் படம்பிடித்து, பிறகு ஃபிலிமைத் திருப்பிவிட்டார்கள். கோடிக்கணக்கானோர் பார்த்த அந்த விண்கலத்துக்கு உண்மையில் ஒரு பக்கம்தான் இருந்தது.

இப்போது கிட்டின் கதைக்கு வருவோம். ஏஎம்டி என்ற அமெரிக்கக் கம்பெனி அதுவரை கார் கிட்டுகளுக்குப் பேர்போனது. எண்டர்பிரைஸ் கிட் விற்கும் உரிமைக்கு ஈடாக, தொடருக்குத் தேவையான ‘கலிலியோ’ என்ற சிறு விண்கலத்தை ஆள் நின்று நடிக்கும் அளவில் கட்டிக்கொடுத்தது. அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. கலிலியோவின் உட்புறம் என்று காட்டிய அறை, வெளியே நின்ற கலிலியோவுக்குள் அடங்கவே அடங்காது. வெளியே குனிந்து நுழைகிறவர்கள் உள்ளே நிமிர்ந்து நடப்பார்கள்.

1967இல் ‘தி டூம்ஸ்டே மெஷின்’ என்ற எபிசோடுக்கு, சண்டையில் நொறுங்கிப்போன இன்னொரு விண்கலம் தேவைப்பட்டது. 11 அடி மாடலை நொறுக்க முடியாது, புதிதாகச் செய்யக் காசில்லை. கடையில் விற்கும் அதே ஏஎம்டி கிட்டை எடுத்தார்கள். சூடுபோட்டு, கருக்கி, சிதைத்தார்கள். கிட்டோடு வரும் 1701 என்ற எண் ஸ்டிக்கரை வெட்டி மாற்றி 1017 என்று ஒட்டினார்கள். ‘கான்ஸ்டலேஷன்’ ரெடி.

தொடரைப் பார்த்துச் செய்த பொம்மை, தொடருக்குள்ளேயே போய்க் கப்பலாகிவிட்டது. இன்று ஒருவர் கான்ஸ்டலேஷனை அச்சு அசலாகச் செய்ய நினைத்தால் பெரிய மாடலைப் பார்த்துப் பயனில்லை. கடைக் கிட்டைத்தான் வாங்க வேண்டும். அதுதான் அசல்.

*

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் பிரிட்டனில் ‘தண்டர்பேர்ட்ஸ்’ 1965இல் வந்தது. மாடல் வேலைகளைக் கவனித்தவர் டெரெக் மெடிங்ஸ். அவருக்கு இருந்த சிக்கல், எந்த மாடலும் புதிதாக இருக்கும்வரை பொம்மையாகத்தான் தெரியும் என்பது. அதனால் பளபளப்பான பெயின்ட்டின் மேல் அழுக்கு ஏற்றினார்கள். புகைக்கறை, எண்ணெய் வழிந்த கோடு, தேய்ந்த ஓரம். ஒரு வண்டி உழைத்திருக்கிறது என்று தெரிந்தால் அது நிஜம் என்று நம் கண் ஒப்புக்கொள்கிறது. கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் கிட்டுகளின் உதிரிகளைப் பிய்த்து ஒட்டி, வெறும் பரப்பை இயந்திரமாக்கவும் செய்தார்கள்.

அடுத்தது எடை. ஒரு சின்ன மாடல் கீழே விழுந்தால் பொத்தென்று விழும், பெரிய கப்பல் மெதுவாக விழுவதுபோல் தெரியும். விழ ஆகும் நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று பள்ளியில் படித்திருப்போம். மாடல் 1/24 அளவு என்றால் 24இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 4.9. நொடிக்கு 24 ஃபிரேம் எடுக்கும் கேமராவை 118 ஃபிரேம் வேகத்தில் ஓட்டி, சாதாரண வேகத்தில் போட்டுக் காட்டினால் புழுதி அடங்குவதும் சக்கரம் குலுங்குவதும் சரியான கனத்தோடு தெரியும். அளவைச் சுருக்கும்போது காலத்தையும் அதற்கேற்ப நீட்ட வேண்டியிருக்கிறது.

அந்தப் பட்டறையில் வேலை பார்த்த பிரையன் ஜான்சன், பிறகு 1975இல் வந்த ‘ஸ்பேஸ்: 1999’ தொடருக்கு ‘ஈகிள்’ என்ற கலத்தை வடிவமைத்தார். 44 அங்குலம், 22, 11 என்று பல அளவுகளில் செய்தார்கள். தூரத்தில் வந்தால் சின்னது, பக்கத்தில் வந்தால் பெரியது. மூன்றும் ஒரே கப்பல். இதில் எது அசல் என்று கேட்டால் 44 அங்குலம் என்று பலர் சொல்வார்கள். திரையில் தூரத்தில் பறந்து வந்த ஈகிளுக்கு அது பொருந்தாது.

*

நம் பக்கத்துக்கு இந்தக் கலங்கள் தூர்தர்ஷன் வழியாக வந்தன. 1980களில் ஸ்டார் ட்ரெக் ஒளிபரப்பானது. 1998இல் கேதன் மேத்தாவின் ‘கேப்டன் வியோம்’ வந்தது. இந்தி புரியாவிட்டாலும் விண்கலம் புரியும். கிட் மட்டும் வரவில்லை. கடையில் கிடைக்காது, கிடைத்தாலும் அப்பாவின் சம்பளத்துக்குக் கட்டாது.

ஆனால் சின்னதாக உலகம் செய்யும் பழக்கம் இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவில் கொலு பொம்மைக்காகக் காகிதக்கூழும் களிமண்ணும் அச்சும் தலைமுறைகளாகப் புழங்குகின்றன. கொலுப்படிக்குக் கீழே பூங்காவும் கிணறும் ரயிலும் வைக்கிற வீடுகளில், 2023 நவராத்திரிக்குச் சந்திரயானும் இறங்கியது. யாரும் அதன் அளவு விகிதத்தைக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற செட்டியார் பொம்மை அதைவிட உயரமாக இருந்தால்தான் என்ன?

உத்திரமேரூரில் உட்கார்ந்து எண்டர்பிரைஸ் செய்வதில் பாதி வேலை வண்டிப் பட்டறை வேலைதான். பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டி, ஒட்டி, இணைப்புக் கோட்டில் பட்டி போட்டு, காய்ந்ததும் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். 400இல் ஆரம்பித்து 1000, 1500 என்று போகவேண்டும். மேலே பிரைமர். பெயின்ட் அடிக்கக் காற்றில்லாத, ஈரமில்லாத நேரம் வேண்டும். ஆடியில் காற்று புழுதியைக் கொண்டுவந்து ஒட்டிவிடும். ஐப்பசியில் ஈரத்தால் பெயின்ட் வெளுக்கும். எனக்கு வாய்த்தது மாசி மாதத்துக் காலைகள்.

ஸ்ப்ரே பிடிக்கும் பக்குவத்தைச் சொல்லிக்கொடுத்தவர் இங்கே லாரிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் ஓர் அண்ணன். “ஒரே தடவ மூடணும்னு நெனைக்காதீங்க தம்பி. பனி விழற மாதிரி விழணும். மூணு வாட்டி.” கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“இது நெஜத்துல எங்க இருக்கு?”

“நெஜம்னு ஒண்ணு கிடையாதுண்ணே. டிவிக்காக இத விடப் பெருசா ஒரு பொம்ம செஞ்சாங்க. அதப் பாத்து செய்யறது.”

“அப்ப பொம்மைக்குப் பொம்ம செய்யறீங்க.”

கிண்டலாகச் சொல்லவில்லை. ஒரு தொழில்காரர் வேலையை வகைப்படுத்திக்கொண்டார், அவ்வளவுதான்.

*

எங்கள் ஊருக்கு வெளியூர்க்காரர்கள் வருவது குடவோலைக் கல்வெட்டைப் பார்க்க. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் வெட்டியவை. பார்த்து, போட்டோ எடுத்து, கிளம்பிவிடுவார்கள். அதே ஊரில் இருக்கும் சுந்தர வரதராஜப் பெருமாள் கோயிலின் விமானத்தையும் பார்க்க வேண்டும். பல்லவர் காலத்துக் கோயில். மூன்று தளம். கீழே பெருமாள் நிற்கிறார், நடுவே அமர்ந்திருக்கிறார், மேலே படுத்திருக்கிறார்.

விமானம். கருவறைக்கு மேல் எழும் கட்டடத்துக்கும் அந்தப் பெயர், வானத்தில் பறப்பதற்கும் அந்தப் பெயர். இந்த வடசொல்லின் வேரில் ‘அளப்பது’ என்ற பொருள் இருக்கிறது. அளந்து அமைத்தது விமானம். கிட் பெட்டி ஓரத்தில் இருக்கும் எண்ணுக்கு இதைவிட நெருங்கிய சொல் இல்லை.

திராவிட விமானத்தை உற்றுப் பார்த்தால் அது மாடல்களால் கட்டிய கட்டடம் என்று தெரியும். ஒவ்வொரு தளத்தின் விளிம்பிலும் சின்னச் சின்னக் கோயில்கள் வரிசையாக நிற்கும். மூலையில் சதுரமாக நிற்பது கூடம். நடுவே வண்டிக்கூண்டு போல நீண்ட கூரையோடு இருப்பது சாலை. யாரும் நுழைய முடியாத அளவு. ஒரு கோயிலின் மேல் அதே கோயிலின் சிறு வடிவங்களை அடுக்கி, அந்த அடுக்கையே கோயில் என்கிறோம்.

கிழக்கே கடற்கரைக்குப் போனால் மாமல்லபுரம். ஐந்து ரதங்கள் என்று நாம் சொல்பவை ரதங்களும் அல்ல, பாண்டவர்களுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமும் இல்லை. 7ஆம் நூற்றாண்டில் பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி எடுத்த கட்டட வடிவங்கள். திரௌபதி ரதத்தின் கூரை ஓலைக் குடிசையின் கூரை. பீம ரதத்தின் கூரை வளைத்துக் கட்டிய மரச்சட்டத்தின் கூரை. கல்லுக்கு இந்த வளைவு தேவையே இல்லை. மரத்திலும் ஓலையிலும் கட்டியதைப் பார்த்துக் கல்லில் செய்திருக்கிறார்கள். அந்த மரக் கட்டடங்களில் ஒன்றுகூட இன்று இல்லை. கரையானும் மழையும் தின்றுவிட்டன. பல்லவ நாட்டுத் தச்சர்கள் எப்படிக் கூரை வேய்ந்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் இந்த நகல்களைத்தான் கேட்க வேண்டும்.

*

எண்டர்பிரைஸுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். 11 அடி மாடல் 1974இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போனது. பல முறை சீர்செய்தார்கள், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறியது. கடைசியாக அதை 1967இல் இருந்த நிலைக்கே கொண்டுபோவது என்று முடிவெடுத்தார்கள். தட்டின் மேற்பரப்பில் மட்டும் பழைய பெயின்ட் அப்படியே மிஞ்சியிருந்தது. லேசாகப் பச்சை கலந்த சாம்பல் நிறம். அதை வைத்து மற்ற இடங்களுக்கு நிறம் கண்டுபிடித்தார்கள். 2016 ஜூலையில், நிஜமாகவே பறந்த விமானங்களும் விண்கலங்களும் நிற்கும் கூடத்தில் இந்தப் பறக்காத கலமும் இடம்பிடித்தது. நாசா கட்டிய முதல் ஷட்டிலுக்கு, ரசிகர்கள் கடிதம் எழுதிக் குவித்ததால் 1976இல் எண்டர்பிரைஸ் என்று பெயர் வைத்தார்கள். சோதனை ஓட்டத்துக்கு மட்டும் பயன்பட்ட அந்த ஷட்டிலும் விண்வெளிக்குப் போகவில்லை.

33 அங்குல முதல் மாடல் தொடரைப் படைத்த ஜீன் ராடன்பெரியிடம் இருந்தது. 1970களின் இறுதியில் காணாமல் போனது. 2023இல் ஓர் இணைய ஏலத்தில் திடீரென்று தலைகாட்டியது. சரிபார்த்து, 2024 ஏப்ரலில் அவருடைய மகனிடம் ஒப்படைத்தார்கள். இடைப்பட்ட நாற்பது சொச்சம் வருடங்களில் அந்த வடிவம் அழியாமல் இருந்தது, உலகம் முழுவதும் யார் யாரோ வீட்டு அலமாரிகளில், கோந்து வழிந்த பிளாஸ்டிக் கிட்டுகளாகத்தான்.

பெயின்ட் முடிந்து கடைசி வேலை டெக்கால் ஒட்டுவது. தண்ணீரில் ஊறவைத்து, வழுக்கி நகர்த்தி, பிரஷ்ஷால் இடத்தில் நிறுத்த வேண்டும். வலது பக்கத்துக்குப் பார்த்துச் செய்ய ஸ்மித்சோனியன் படங்கள் இருக்கின்றன. இடது பக்கத்துக்குப் படப்பிடிப்புக் காலத்து அசல் கிடையாது, வயர்தான் இருந்தது. வலது பக்கத்தை அளந்து, கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி, ஒவ்வொரு ஜன்னலாக வைத்தேன். அந்த ஜன்னல்களுக்கு என்னுடையதுதான் அளவு.